கப்பல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது

உலக வாசிப்பு வரலாற்றை யார் எழுதப் புகுந்தாலும், உழவர்கரை வேம்பு வாசகர் வட்டத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் தப்பிக்க முடியாது. அந்த வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். எண்ணூற்று அறுபத்தெட்டுப் பக்கம் கொண்ட ஒரு சரித்திர நாவலைப் பதினான்கு பேர் சேர்ந்து, ஒரு வரிகூட மிச்சம் வைக்காமல் "வாசித்து முடித்த" சாதனை வேறு எந்த ஊரிலும் நடந்ததாகத் தகவல் இல்லை. நடந்திருந்தால் ஆதாரத்துடன் எழுதலாம். பரிசீலிக்கப்படும்.

என் பெயர் புருஷோத்தமன். புதுச்சேரியில் ஓர் அரசுத் துறையில் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்பது கதைக்குத் தேவையில்லை. அங்கே வந்து போகிறவர்களுக்கே அது கடைசிவரை தெளிவாவதில்லை.

எழுத்தாளர் வேம்புவை எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். அப்போது என்னை, கேரளத்துக்குள் இருக்கும் புதுச்சேரித் துண்டான மாகிக்கு மாற்றியிருந்தார்கள். புதுச்சேரி அரசு ஊழியனுக்கு வாழ்க்கையில் ஒருமுறை மாகியோ ஏனாமோ உண்டு. மொழி தெரியாத ஊர், விடாத மழை, ஒற்றை அறை. கையில் வேம்புவின் நூற்றுப் பத்துப் பக்க நாவல் ஒன்று. ஒரே மூச்சில் படித்தேன். படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி ஏதோ கேட்டார். மலையாளத்தில் கேட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் வேம்புவுக்கு எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதினேன். அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது: "உங்கள் கடிதம் என் நாவலைவிட நன்றாக இருந்தது. மழை விட்டதா?" அதை லேமினேஷன் செய்து மேசையில் வைத்திருக்கிறேன். அந்த மனிதர்மேல் எனக்கு இருப்பது அன்பு. இந்தக் கதையில் கிண்டலே கலக்காத ஒரே வாக்கியம் அதுதான் என்று வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள்.

வேம்புவின் நாவல்கள் எல்லாமே சின்னவை. முதல் பத்தியிலேயே யாராவது வீட்டை விட்டு ஓடிப்போய்விடுவார்கள். இரண்டாம் பத்தியில் தேடிக்கொண்டு கிளம்புவார்கள். வாசகனுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. அப்படிப்பட்டவர் பதினோரு வருடம் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, தமது எழுபத்தெட்டாவது வயதில் 'கரை தெரியும் தூரம்' என்ற சரித்திர நாவலை வெளியிட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரிதான் களம். புத்தகத்தைக் கையில் வாங்கியவுடன் என் மணிக்கட்டு அதன் மேன்மையை உணர்ந்தது.

கதை இப்படித் தொடங்குகிறது: ஒரு கப்பல் தெரிகிறது. அந்தக் காலத்தில் இந்த ஊருக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சலங்கு என்ற படகில் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பத்தாம் பக்கத்தில் கப்பல் இன்னும் நன்றாகத் தெரிகிறது. இருபதாம் பக்கத்தில் அதன் பாய்களை எண்ணுகிறார்கள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் காற்று விழுந்துவிடுகிறது. கப்பல் நின்றுவிடுகிறது. நானும் நின்றுவிட்டேன்.

மூன்று மாதம் நின்றேன். இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் இலக்கியம் அறியாதவர்கள். நான் தினமும் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தேன். தினமும் கப்பல் அங்கேயே நின்றது. என் மனைவி கார்குழலி காய் நறுக்கிக்கொண்டே விசாரிப்பாள்.

"ஏங்க, இன்னிக்காவது கப்பல் வந்துடுமா?"

"அவசரப்படுத்தாத. பெரிய எழுத்தாளர் நிதானமாதான் கொண்டாருவாரு."

"நிதானமா வரட்டும். இந்தப் புஸ்தகத்த டைனிங் டேபிள்லேருந்து எடுங்க. சாம்பார் வைக்க எடமில்ல."

வட்டத்தின் மற்ற உறுப்பினர்களும் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தைக் கடற்கரைச் சாலையில் பிடித்துப் படம் எடுத்தார்கள். காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "வேம்புவோடு ஒரு ஞாயிறு" என்று போட்டார்கள். காப்பீட்டு முகவரான அருள்முருகன் "தினம் ஐந்து பக்கம்" என்ற வாசிப்புச் சவாலைத் தொடங்கி, முதல் நாளே நூறு பேரைச் சேர்த்துவிட்டார். இரண்டாம் நாள் பற்றிக் குறிப்புகள் கிடைக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கூட்டம். தலைவர் பிரகாசம் ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்; இப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். காது கொஞ்சம் மந்தம், குரலில் அந்தக் குறை இல்லை. அவர் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

"நான் பிரான்சுல எத்தினியோ கப்பல் பாத்திருக்கேன். வேம்பு காட்டற மாதிரி ஒரு கப்பல நான் பாத்ததில்ல."

இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் வெற்றிவேல் பணிவாகக் கேட்டார். "தலைவரே, எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"அப்படி எல்லாம் சொல்ல முடியாது. உள்ளவே இருக்கேன்."

"நானும் அப்படித்தாங்க. சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்குது."

எல்லோரும் தலையாட்டினோம். அப்போதுதான் அந்தக் குற்றம் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நிர்மலாதேவி எழுந்தார். நோணாங்குப்பம் படகுக் குழாமில் டிக்கெட் கொடுக்கிறவர். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். வட்டத்தில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எனக்கு முதல் நூறு பக்கம் ரொம்ப போர் அடிச்சுதுங்க. அதுக்கப்புறம்..."

"அதுக்கப்புறம் ஒண்ணும் வேணாம்," என்றார் தலைவர். "உக்காரும்மா."

அன்று அவர் பேச்சு அந்த "அதுக்கப்புறம்" என்ற சொல்லோடு நிறுத்தப்பட்டது. வட்டத்தின் விதிப்படி நான் அவருக்கு ஒரு குறிப்பாணை அனுப்பினேன். 'போர்' என்ற சொல்லை அவையில் பயன்படுத்தியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும். மூன்றாம் நாளே விளக்கம் வந்தது: "போர் அடித்தது. அதனால் சொன்னேன்." விளக்கம் திருப்திகரமாக இல்லை என்பதால் விவகாரம் நிலுவையில் வைக்கப்பட்டது. நிலுவையில் இருக்கும் உறுப்பினர் கூட்டத்துக்கு வரலாம், டீ குடிக்கலாம், பேசக் கூடாது.

இந்தச் சமயத்தில்தான் வேம்பு ஐயாவின் கடிதம் வந்தது. அஞ்சலட்டை இல்லை, உறையிட்ட கடிதம்.

"அன்புள்ள புருஷோத்தமன், நாவலின் முதல் நூற்றெண்பத்திரண்டு பக்கம் மிகவும் மெதுவாக இருக்கிறதாம். யாரும் அதைத் தாண்டுவதில்லையாம். இரண்டாம் பதிப்பில் அதை அப்படியே எடுத்துவிடலாம் என்று பதிப்பாளர் சொல்கிறார். பதினோரு வருடத்தில் ஏழு வருடம் அந்தப் பக்கங்களுக்குத்தான் போனது. எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. உங்கள் வட்டம் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு நடப்பேன். நேரில் வருகிறேன்."

ஒரு மனிதரின் ஏழு வருடம் எங்கள் கையில் வந்து விழுந்தது. பொறுப்பின் கனத்தை உணர்ந்து உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன். புத்தகத்தை உட்கார்ந்து படிப்பது ஒரு வழி என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவசர நேரத்தில் அப்படிப்பட்ட பரிசோதனைகளில் இறங்கக் கூடாது. இருபத்தெட்டு வருட அரசுப் பணி எனக்குக் கற்றுத்தந்த வழியை முன்வைத்தேன்.

"ஒரு கோப்பு பதினாலு மேசை தாண்டிப் போச்சுன்னா, அந்தக் கோப்ப துறை படிச்சாச்சுன்னு அர்த்தம். எந்த மேசையும் முழுசாப் படிச்சிருக்காது. ஆனா துறை படிச்சிருக்கும். நாமும் அதே மாதிரி செய்வோம். எண்ணூத்தி அறுபத்தெட்ட பதினாலால வகுத்தா தலைக்கு அறுபத்திரண்டு பக்கம். மிச்சமே இல்ல."

வகுத்தால் மிச்சம் வராதது தெய்வச் செயல் என்று தலைவர் கருதினார். நிர்மலாதேவியின் விவகாரம் நிலுவையில் இருந்ததால் அவருக்குப் பங்கு ஒதுக்கப்படவில்லை. ஆனந்தமேரி டீச்சர் மட்டும் தயங்கினார். பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர், எதையும் முதல் பாடத்திலிருந்து தொடங்கியே பழகிவிட்டவர்.

"முன்னாடி இன்னா நடந்துதுன்னு தெரியாம நடுவுலேருந்து எப்படி சார் படிக்கிறது?"

"டீச்சர், நான் வேலைக்குச் சேந்தப்ப எங்கிட்ட ஒரு கோப்பு குடுத்தாங்க. அது அப்பவே நடுவுல இருந்துது. அதுக்கு முன்னாடி இன்னா நடந்துதுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. வேலை நடக்கலியா?"

டீச்சர் தம் பங்கை வாங்கிக்கொண்டார். மூத்தவர்கள் என்ற மரியாதைக்காக முதல் மூன்று பங்குகள் எனக்கும் தலைவருக்கும் வெற்றிவேலுக்கும் ஒதுக்கப்பட்டன. வேம்பு ஐயா கேட்ட அந்த நூற்றெண்பத்திரண்டு பக்கங்களும் அவற்றில் அடக்கம். மூவரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டோம்.

அதற்கு முன் ஒரு "கள ஆய்வு" அவசியம் என்று வெற்றிவேல் கருதினார். கப்பல் நிற்கும் விதத்தைக் கண்ணால் பார்க்காமல் படிப்பது முறையல்ல என்றார். ஆகவே நாங்கள் மூவரும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போனோம். விசைப்படகுகளைப் பார்த்தோம். மீன் ஏலம் விடுவதைப் பார்த்தோம். தலைவர் ஏலத்தில் தவறுதலாகக் கையைத் தூக்கிவிட்டதால் ஒரு கூடை சங்கராவை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. அன்று மூன்று வீட்டிலும் மீன் குழம்பு. புத்தகத்தைத் தொட நேரமில்லை.

குறித்த நாளில் பதினான்கு அறிக்கைகளும் வந்து சேர்ந்தன. வட்டத்தின் ஆவணத்தில் உள்ளபடி முதல் மூன்றையும் இங்கே தருகிறேன்.

"பக்கம் 1 முதல் 62 வரை: கப்பல் வருகிறது. சிறப்பு." இது நான் எழுதியது.

"பக்கம் 63 முதல் 124 வரை: கப்பல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மிகச் சிறப்பு." இது தலைவர்.

"பக்கம் 125 முதல் 186 வரை: மேற்படி." இது வெற்றிவேல்.

மற்றவர்கள் தங்கள் பங்கை உண்மையாகவே புரட்டியிருந்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. கதாநாயகன் பெயர் மண்ணாங்கட்டி, படகோட்டி. ஆனந்தமேரி டீச்சரின் பங்கில், நானூற்று இரண்டாம் பக்கத்தில், கோட்டை முற்றுகையின்போது பீரங்கிக் குண்டு பட்டு அவன் இறந்துபோகிறான். அருள்முருகனின் பங்கில், அறுநூற்று ஐம்பத்தைந்தாம் பக்கத்தில், அவனுக்குக் கல்யாணம்.

"செத்துட்டான் சார்," என்றார் டீச்சர். "நானே படிச்சேன். அழுதுட்டேன்."

"எப்படி டீச்சர் சாவான்? என் பங்குல மாலையும் கழுத்துமா நிக்கிறான். மீசை இப்பதான் அரும்புதுன்னு வேற போட்டிருக்காரு."

"செத்தப்புறம் மீசை வளரும்னு நான் எங்கியோ படிச்சிருக்கேன்," என்றார் வெற்றிவேல்.

கடைசி வரிசையில் நிர்மலாதேவி கையைத் தூக்கினார். "சார், அது வேற ஒண்ணும் இல்ல..."

"உங்க விளக்கம் நிலுவையில இருக்கும்மா," என்று நினைவூட்டினேன்.

அவர் கையை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் புத்தகத்தை முழுவதும் படித்திருக்கிறார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை எங்கள் வட்டத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் விதி விதிதான். அதுவும் நானே எழுதிய விதி.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு அறிக்கையும் ஏத்துக்குவோம். செத்தவனுக்கு வேம்பு கல்யாணம் பண்ணி வச்சா அதுல ஒரு காரணம் இருக்கும். நாம யாரு கேக்க?" தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

விழா நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அரங்கம். வேம்பு ஐயா கடலூரிலிருந்து பேருந்தில் தனியாக வந்து இறங்கினார். ஒரு துணிப்பை, அதற்குள் அவருடைய சொந்தப் பிரதி. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். மாடிப்படியில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மேடைக்குப் பின்னால் உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பதிப்பாளர் தம்பி நாளைக்குள்ள பதில் வேணும்ங்கறான். சொல்லுங்க புருசோத்தமன். அந்தக் கப்பல் நிக்கட்டுமா, எடுத்துடலாமா?"

"ஒரு எழுத்தத் தொடக் கூடாதுங்க ஐயா."

"நெசமாவா?"

"தமிழ்ல இதுவரைக்கும் யாரும் இப்படி ஒரு தொடக்கம் எழுதினதில்ல."

அந்த முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது. "நீங்க சொன்னா சரி," என்றார். "மாகியில மழையில உக்காந்து படிச்சவரு நீங்க. நீங்க சொன்னா போதும்." அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் நான் அந்தப் பக்கங்களை உண்மையாகவே படித்துவிட்டது போல எனக்கே தோன்றியது.

மேடையில் நான்தான் மதிப்புரை. பதினான்கு அறிக்கைகளையும் கோர்த்து எழுதிய உரை. கப்பல் வரும் அழகைப் பற்றி, அது இன்னும் வந்துகொண்டிருக்கும் அழகைப் பற்றி, மேற்படி அழகைப் பற்றிப் பேசினேன். அரங்கம் கைதட்டியது. கைதட்டல் ஒரு மனிதனை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. உச்சக் குரலில் முடித்தேன்.

"பீரங்கிக் குண்டு பட்டு மாண்ட பின்னும், இருநூற்றைம்பது பக்கம் கழித்து மணமேடை ஏறிய மாவீரன் மண்ணாங்கட்டி, மரணத்தையே வென்ற தமிழன்."

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அரங்கமே எழுந்தது. வேம்பு ஐயா மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"மண்ணாங்கட்டிக்கு அந்தப் பேர வச்சது யாரு?"

மேடையிலும் முன்வரிசையிலுமாக இருந்த பதினான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெற்றிவேல்தான் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்.

"அத நீங்க வாசகர் ஊகத்துக்கு விட்டுட்டீங்க ஐயா. அங்கதான் நீங்க நிக்கிறீங்க."

பின்வரிசையில் நிர்மலாதேவி எழுந்தார். "எந்த மண்ணாங்கட்டிங்க ஐயா? தாத்தனா, பேரனா?"

தலைவர் "நிலுவை, நிலுவை" என்று கைகாட்டினார். வேம்பு ஐயா அவர் கையைப் பிடித்து இறக்கினார். "பேசட்டும். நீ சொல்லும்மா."

"தாத்தன் கடுதாசிப் பை எடுத்துக்கிட்டு கப்பலுக்குப் போறான். போன எடத்துல மாட்டிக்கறான். முதல்ல காத்து இல்ல, அப்புறம் அலை அடங்கல. ஒரு படகு தாண்ட முடியல. கரையில அவன் பொண்ணுக்கு மாசம் நெருங்குது. கொழந்த பொறந்தா வாசல்ல ரெண்டாவது வெளக்கு ஏத்தறேன்னு பொண்டாட்டி சொல்லி அனுப்பியிருக்கா. தெனம் சாயங்காலம் கப்பல் மேலேருந்து பாக்கறான். ஒத்த வெளக்குதான் தெரியுது. நூத்தி எழுபத்தொண்ணாம் பக்கத்துல ரெண்டு வெளக்கு தெரியுது. அவன் அங்க சந்தோசத்துல கூத்தாடறான். ஆனா கரையில, அவன் இனிமே திரும்ப மாட்டான்னு நெனச்சு, அவன் பேரையே புள்ளைக்கு வச்சிடறாங்க. கரை தெரியுது, வீடு தெரியுது, நான் சாகலன்னு கத்தினா கேக்காது." டீச்சர் பக்கம் திரும்பினார். "செத்தது தாத்தன். கல்யாணம் பேரனுக்கு."

ஆனந்தமேரி டீச்சர் "ஐயோ" என்று மெல்லச் சொன்னார். அருள்முருகன் தன் ஸ்டேட்டஸை அழிக்கத் தொடங்கினார்.

"முதல் நூறு பக்கம் போர்தாங்க ஐயா," என்றார் நிர்மலாதேவி. "மூணு தரம் மூடி வச்சேன். ஒரு நா நோணாங்குப்பத்துல பலமான காத்து, படகு விடல. கவுண்டர்ல சும்மா உக்காந்திருந்தேன். டிக்கெட் வாங்கின ஒரு குடும்பம் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னுது. அவங்களப் பாத்துட்டு மறுபடியும் புஸ்தகத்த எடுத்தேன். அப்ப நின்னு படிக்க முடிஞ்சுது. அந்தப் பக்கத்த எடுக்காதீங்க ஐயா. அது இல்லன்னா அந்த ரெண்டாவது வெளக்கு சும்மா வெளக்குதான்."

வேம்பு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேடையில் இன்னும் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் இருந்த பதினான்கு அறிக்கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நீ படிச்சிட்டம்மா," என்றார் அவர். "அது எனக்குப் போதும். ஆனா இந்தப் பதினாலு பேரும் எம்மேல உசுரா இருக்கறவங்க. இவங்களாலயே அந்தக் கப்பலத் தாண்ட முடியலன்னா, என்னத் தெரியாதவன் எப்படித் தாண்டுவான்? பதிப்பாளர் சொல்றது சரிதான். எடுத்துடறேன்."

"முடியலன்னு அவங்க சொல்லலியே ஐயா. அவங்க முயற்சியே பண்ணல."

"முடியலன்னு சொல்லியிருந்தா நின்னிருக்கும்மா. போர் அடிக்குதுன்னு நாலு பேர் எழுதியிருந்தா, ஏன்யா அடிக்குதுன்னு நான் சண்டை போட்டிருப்பேன். பாராட்டறவங்ககிட்ட எப்படிச் சண்டை போடறது?"

தலைவருக்கு இது சரியாகக் கேட்கவில்லை. ஏதோ நன்றியுரை என்று எண்ணி "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கைதட்டத் தொடங்கினார். பழக்கத்தில் எல்லோரும் தட்டினார்கள். விழா இனிதே நிறைவுற்றதாகக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

பேருந்து நிலையத்துக்கு நான்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். பாதித் தூரம் போனோம். பிறகு அவர் கேட்டார்.

"கோச்சுக்காம சொல்லுங்க. எத்தினி பக்கம்?"

"முப்பத்தெட்டுங்க ஐயா."

"காத்து விழற எடம்," என்று சிரித்தார். "எனக்கும் அங்கதான் ரெண்டு வருசம் நின்னுபோச்சு. அத எனக்கு எழுதியிருக்கலாமே புருசோத்தமன். மாகியிலேருந்து எட்டுப் பக்கம் எழுதினீங்களே."

நான் அவர் பையை வாங்கிப் பேருந்தில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். நாற்பதில் மூடினேன், ஐம்பத்தொன்றில் மூடினேன், தொண்ணூறில் புத்தகத்தைத் தூக்கி எறியலாமா என்று பார்த்தேன். பதினோராம் நாள் நூற்று எழுபத்தொன்றாம் பக்கம் வந்தது. மாகியில் அழுததைவிட அதிகமாக அழுதேன். கார்குழலி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கப்பலைத் தாண்டிவிட்டேன் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அன்றே எழுதினேன். இந்தப் பக்கங்களை எடுக்கக் கூடாது, எடுத்தால் நான் கடலூருக்கு வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துவிடுவேன் என்று ஒன்பது பக்கம். முதல் தொண்ணூறு பக்கம் எப்படிப் படுத்தியெடுத்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். ஐந்தாம் நாள் அஞ்சலட்டை வந்தது. "இதுதான் நான் எதிர்பார்த்த கடிதம். சண்டை போட ஆசையாக இருக்கிறது. ஆனால் அச்சுக்குப் போய்விட்டது."

இரண்டாம் பதிப்பு வெளிவந்து மிகப்பெரிய வெற்றி அடைந்திருக்கிறது. அறுநூற்று எண்பத்தாறு பக்கம், கைக்கு அடக்கம். முதல் வரியிலேயே கப்பல் வந்து மூன்று நாள் ஆகிவிட்டிருக்கிறது. வாசகர்கள் மூன்றே நாளில் படித்து முடிக்கிறார்கள். நானூற்று இருபதாம் பக்கத்தில் விளக்கு ஒன்று வருகிறது. அது எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய பெருமை, அந்தப் பதிப்பை வேம்பு ஐயா எங்கள் வட்டத்துக்கே சமர்ப்பணம் செய்திருப்பதுதான். செய்தி வந்ததும் தலைவர் மகிழ்ச்சியில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். சமர்ப்பணப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கூட்டம் நடக்கும் அறையில் மாட்டினோம். சந்தன மாலை போட்டோம். பதினான்கு பேரும் தனித்தனியாகவும் குழுவாகவும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வட்டத்தின் பெயர் மேலே பெரிய எழுத்தில் இருப்பதால் படத்தில் தெளிவாக விழுகிறது. அதற்குக் கீழே உள்ள வரிகள் சின்ன எழுத்து, கொஞ்சம் நீளமும்கூட. அங்கே வரை யாரும் போனதாகத் தெரியவில்லை. ஆகவே செயலாளர் என்ற முறையில் முழுவதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

"உழவர்கரை வேம்பு வாசகர் வட்டத்துக்கு.

ஏழு வருடம் உட்கார்ந்து நான் எழுதிய நூற்றெண்பத்திரண்டு பக்கங்களை, முப்பத்தெட்டைத் தாண்டிப் படிக்காமல், ஒரு குறையும் சொல்லாமல், பாராட்டியே என் கையால் கிழிக்கவைத்த அன்புக்கு."